முழங்கால் உயரம்

பீன்ஸ் செடிக்குத் தாகம் எடுத்தால் வாய் திறந்து கேட்காது. காலையில் நிமிர்ந்து நிற்கும். வெயில் ஏறினால் லேசாகத் தலையைச் சாய்க்கும். மத்தியானம் போய்ப் பார்த்தால் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாகத் தலைகவிழ்ந்து நிற்கும். அந்தக் கோடையில் பெரியவள் அதைப் பார்க்கச் சகிக்காமல் மத்தியானத்தில் வயல் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். போய்த்தான் என்ன செய்வது? கிணற்றில் கிடந்தது வாளியின் அடியை நனைக்கிற தண்ணீர். மோட்டாரைப் போட்டால் இருமிவிட்டுச் சும்மா இருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் பெண்டாட்டி பெரியவள், இளையவன் பெண்டாட்டி சின்னவள். மாமனார் சாகும் முன்பே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பள்ளமும் கிணறும் மூத்தவனுக்கு, மேடும் மேட்டின் மேல் இருந்த நெட்டை மரங்களும் இளையவனுக்கு. குடிதண்ணீர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே கிணறு. யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூத்தவன் பள்ளம் முழுக்கப் பீன்ஸ் போட்டான். சந்தையில் அவனுக்குப் பெயரே பீன்ஸ்காரர் என்றாகிவிட்டது. இளையவன் மரங்களோடு மரமாக இருந்தான். காய்ந்த கிளையை விறகுக்கு விற்பான், நேரான கிளையைக் கொடிக்கம்புக்கு விற்பான், மீதி நேரம் ஒரு மரத்தடியில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பான். அண்ணன்காரன் அவனுக்கு 'மரமண்டை' என்று பட்டம் வைத்திருந்தான். அந்தப் பட்டத்துக்கு முதலில் சிரிக்கிறவன் அவன்தான்.

கிணற்றில் சேறு வாரினாலாவது ஊற்று திறக்குமா என்று பார்க்க ஒருநாள் பெரியவள் உள்ளே இறங்கினாள். பீன்ஸ்காரர் உடம்புக்கு ஏணி தாங்காது. அவர் மேலே நின்று வாளியை இழுத்தார், அவள் கீழே நின்று சேற்றை வாரினாள். கல்லிடுக்கில் கையை விட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்னங்க, கயிற இழுக்காதீங்க. இத வந்து பாருங்க."

"என்னது, பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டுடலாமே. வேரு. உங்க தம்பி மரத்து வேரு. அங்கேருந்து இங்க வரைக்கும் வந்து வாய வச்சுக்கிட்டு நிக்குது."

விரல் பருமன் இருந்தது. கல்லைப் பிளந்துகொண்டு வந்து, நுனி நனைந்து, பச்சையாக இருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த ஆங்காரத்தில் அதை அரிவாளால் வெட்டி மடியில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். சேற்றைக்கூடக் கழுவவில்லை. நேரே இளையவன் வீட்டுக்குப் போய் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்கு எதிரில் போட்டாள்.

"தம்பி, இது என்னன்னு சொல்லுங்க."

அவன் எடுத்து மோந்து பார்த்தான். "வேரு அண்ணி. நல்ல பச்சை வேரு. எங்க கிடைச்சுது?"

"எங்க கிணத்துல."

"மரம்னா குடிக்கத்தானே அண்ணி செய்யும்? அதுக்கு வேற என்ன வேலை?"

"அது குடிக்கட்டும், எங்க செடி காஞ்சு சாகட்டும். அப்படித்தானே?"

"குடிக்கிறத அது ஒண்ணும் கட்டிவச்சுக்கிறதில்ல அண்ணி. இலை வழியா மேல விட்டுருது. அதுதான் மேகமாகி மழையா வருதுன்னு சொல்றாங்க."

"எங்க வருது? எங்க கிணத்துத் தண்ணிய மேல அனுப்பி எந்த ஊர்லயோ பெய்ய வைக்கிறீங்களே, அந்த மேகம் உங்களுக்கு மாமனா, மச்சானா?"

அடுப்படியில் இருந்த சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். இளையவனும் சிரித்தான். பெரியவளுக்கே உதடு துடித்தது. அந்தச் சிரிப்பிலேயே எழுந்து வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் காலில் காய்ந்துகொண்டிருந்த சேறு அவளை விடவில்லை.

"வெட்டிருங்க தம்பி. பாதியாவது வெட்டுங்க."

"அப்பா வச்ச மரம் அண்ணி. வேற என்ன வேணாலும் கேளுங்க."

பீன்ஸ்காரர் வீட்டில் சொன்னார்: "கேட்டுப் பாத்தாச்சு, மாட்டேங்கிறான். மரமண்டை அப்படித்தான். விட்டுத் தள்ளு, மழை வந்தா எல்லாம் சரியாயிரும்."

"மழை வர்றதுக்குள்ள செடி போயிரும். நீங்க விடுங்க. நான் விட மாட்டேன்."

மறுநாள் காலையில் அவள் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தாள். ராட்டினத்தையும் கழற்றினாள். இரண்டையும் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் குடத்தோடு வந்தாள். கிணற்றைப் பார்த்தாள், இவள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, கயிறு எங்கக்கா? ராட்டினத்தையும் காணோம்."

"கழட்டி வச்சிருக்கேன்."

"அறுந்துருச்சா?"

"அறுந்து போகல."

சின்னவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஒரே ஒரு குடம்கா. உலை வைக்கணும்."

"உங்க வீட்டு மரம் குடிச்சுட்டுப் போயிருச்சு. அதுகிட்டயே போய்க் கேளு."

பச்சைத் தண்ணீரை மட்டும் இல்லையென்று சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டாள். சின்னவள் சண்டை போட்டிருந்தால் இவளும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளோ வெறுங்குடத்தோடு ரோட்டுக்கு ஏறி, தெருக்குழாய் இருக்கிற கோடிவரைக்கும் அந்த வெயிலில் நடந்து போனாள். பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடம் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடித்தது. இரக்கம் வரத்தான் செய்தது. கயிற்றைத்தான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே ரம்பக்காரர்கள் வந்தார்கள்.

இளையவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலிருந்து மேட்டில் நின்றுகொண்டு, எங்கே அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் கோடு போட்டான். மரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பள்ளத்தில் நின்று பார்த்தபோது வானம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ரம்பக்காரர்களில் ஒருத்தன், "அடியோட ஒட்ட அறுத்தா இன்னும் மரம் கெடைக்குமே, எதுக்கு இவ்வளவு விடுறீங்க?" என்றது பள்ளம் வரைக்கும் கேட்டது. இளையவன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினான். "இதுக்குக் கீழ ரம்பம் படக் கூடாது."

"பாருங்க," என்றாள் பெரியவள் புருஷனிடம். "முழங்கால் உயரத்துக்கு மொட்டை மொட்டையா விட்டு வச்சிருக்காரு. கண்ணுல குத்துற மாதிரி. வெட்டுறதுதான் வெட்டுறாரு, முழுசா வெட்ட மனசு வரல."

"அவன் எந்த வேலைய முழுசாச் செஞ்சிருக்கான்?" என்றார் பீன்ஸ்காரர். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மரம் போன லாரியின் பின்னாலேயே இளையவன் குடும்பம் டவுனுக்குப் போனது. அவனுக்கு அங்கே ஒரு மர அறுவை மில்லில் வேலை. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். போகும்போது வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் அண்ணி," என்றான். சின்னவள் வாசலுக்கு வரவில்லை. கயிறும் ராட்டினமும் அன்றைக்குச் சாயங்காலமே கிணற்றுக்குத் திரும்பிவிட்டன.

மழை வந்தது. மொட்டைக் கட்டைகளில் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் துளிர் விட்டது. பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனியன், செத்தும் சாகலையே" என்று ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டாள். ஒடித்த இடத்தில் இரண்டாக வந்தது. சந்தையில் யாரோ வைத்தியம் சொன்னார்கள். உளியால் கட்டையில் குழி வெட்டி, கல்லுப்பைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மேலே களிமண்ணை அப்பிவிட வேண்டுமாம். மேடு முழுக்கக் குனிந்து குனிந்து அதைச் செய்தாள். நாலு நாள் இடுப்பு நிமிரவில்லை. ஆனால் வைத்தியம் பலித்தது. கட்டைகள் கறுத்தன, பட்டை உரிந்தது. அப்புறம் ஒரு துளிரும் வரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கிணறு நிறைந்துதான் விட்டது. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தும் தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த கோடையில் கயிற்றில் பாதி போதும் என்றிருந்தது. அதற்கடுத்த மழையோடு குனிந்து கையால் மொள்ளலாம் போல ஆகிவிட்டது. பீன்ஸ் பந்தல் தாங்காமல் காய்த்தது. கூடை கூடையாகப் போனது. சந்தைத் தராசுக்காரன், "உங்க காய ஒடிச்சா சத்தம் அடுத்த கடைக்குக் கேக்குது," என்றான். பீன்ஸ்காரர் வீட்டுக்கு வந்து அதை மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தம்பி தம்பின்னு இருந்துட்டேன்," என்றும் சேர்த்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அவள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வருஷம் பூராவும் அந்த வார்த்தைதான் அவளுக்குச் சாப்பாடு.

அடுத்த வருஷம் இலையின் ஓரம் கருக ஆரம்பித்தது.

தீயில் காட்டின காகிதம் மாதிரி ஓரம் மட்டும் பழுப்பாகி உள்ளே சுருண்டது. செடி வாடிக் கிடந்தது. கீழே மண் ஈரமாகத்தான் இருந்தது. "ஈரம் இருக்கே, அப்புறம் ஏன் வாடுது?" என்று பீன்ஸ்காரர் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வாடின செடியைக் கண்டால் பீன்ஸ் போடுகிறவன் செய்கிற வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது அவன் கையைப் பிடிக்க யாரால் முடியும்? காலையிலும் பாய்ச்சினார், மாலையிலும் பாய்ச்சினார். எவ்வளவு பாய்ச்சினாரோ அவ்வளவு கருகியது.

ஒருநாள் விடிகாலை பெரியவள் போனபோது பாத்தி வரப்பெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பனி என்று நினைத்தாள். வெயில் ஏறியும் அது போகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே துப்பினாள்.

அதிலிருந்து வீடும் கெட ஆரம்பித்தது. சுவரில் ஈரம் ஏறியது. தரையிலிருந்து கிளம்பி முழங்கால் உயரத்துக்கு வந்து நின்று, சுண்ணாம்பைப் பொரியப் பொரிய உதிர்த்தது. பெருக்கப் பெருக்க வெள்ளையாகக் கொட்டியது. பாலை ஊற்றினால் டீ திரிந்துபோனது. சோப்பு நுரைக்கவில்லை. சமையலில் உப்புப் போடுவதையே அவள் மறந்துவிட்டாள், யாரும் கேட்கவும் இல்லை.

பீன்ஸ்காரர் ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்பாங்க. நம்ம வீட்டுல தண்ணியக் குடிச்சுட்டு உப்பத் தின்னுக்கிட்டு இருக்கோம்."

"என்னையச் சொல்றீங்களா?"

"வேற யாரச் சொல்றது? மேடு பூரா உப்ப வச்சது யாரு? மழையில கரைஞ்சு பள்ளத்துக்குத்தானே வரும்?"

அவளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான்.

மண் பரிசோதனை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசுதான். ஆனால் வரப்பில் வழுக்காமல் நடந்தாள். நாலு இடத்தில் குழி போட்டாள். முழங்கை ஆழத்திலேயே தண்ணீர் கசிந்து வந்ததைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். மேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மரம்," என்றார் பீன்ஸ்காரர்.

"எவ்வளவு மரம்?"

"மேடு நிறைய."

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "அங்க பெய்யுற மழைய முன்னாடி மரம் குடிச்சு மேல அனுப்பியிருக்கும். இப்ப குடிக்க ஆள் இல்ல. அவ்வளவும் மண்ணுக்குள்ள இறங்கி இங்க வந்து சேருது. இந்தப் பள்ளத்துக்கு அடியில ரொம்பக் காலத்து உப்பு படுத்திருந்திருக்கு. தண்ணி அதையும் கரைச்சுத் தூக்கிக்கிட்டு மேல வந்துருச்சு. நீங்க பாய்ச்சப் பாய்ச்ச இன்னும் மேல வரும்."

பீன்ஸ்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு விஷயம்மா. இவ அந்தக் கட்டைங்களுக்கு உப்பு வச்சா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி. அதனால இருக்குமோ?"

"ஒரு பிடி உப்புக்கா? சேச்சே, அதுக்கெல்லாம் இவ்வளவு ஆகாதுங்க. அதப் போட்டு மனசக் குழப்பிக்காதீங்க." பெரியவளைப் பார்த்து நல்லவிதமாகச் சிரித்தாள். "பாய்ச்சுறத நிறுத்துங்க. வடிகால் வெட்டுங்க. ஆனா மேட்டுல மறுபடி மரம் வந்தாத்தான் தண்ணி கீழ இறங்கும்."

"நட்டா எப்ப இறங்கும்?"

"வேரு ஆழம் போகணும்ல? வருஷக்கணக்காகும். இந்தத் தண்ணிய ஊத்தினா கன்னும் பிழைக்காது, நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

பெரியவள் அவள் சொன்னதை நம்பவில்லை. தண்ணீர் கூடினால் வயல் கெடும் என்பதை எப்படி நம்புவது? அவள் நம்பியது அடுப்படியில். மண்பானையைக் கழுவ எடுத்தாள். வாரத்துக்கு ஒரு தரம் தேங்காய் நாரைப் போட்டு அதன் வெளிப்பக்கத்தைத் தேய்ப்பது வழக்கம். உள்ளே ஊற்றுகிற தண்ணீர் கசிந்து வெளியே வந்து காய்ந்துபோகும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்கு நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேய்த்துத் தேய்த்து நகம் தேய்ந்ததுதான் மிச்சம், அது என்ன வெள்ளை, எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது பொருக்கு விரல்கனம் இருந்தது. நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. மற்றதை இங்கேயே விட்டுவிடுகிறது. வயலும் இதேதான்.

அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதாள். பீன்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை.

இளையவனைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே என்று டவுன் சந்தையில் இறங்கிக் கால் கூடை பீன்ஸ் வாங்கிக்கொண்டாள். பீன்ஸ்காரர் பெண்டாட்டி காசு கொடுத்துப் பீன்ஸ் வாங்குவதைத் தராசுக்காரன் பார்த்தான். ஒரு கை காய் கூடுதலாகப் போட்டான். அந்த ஒரு கை அவளை என்னவோ செய்தது.

இளையவன் வீடு மில்லுக்குப் பின்புறம், ஒரு கடைக்கு மேலே. படி ஏறும்போதே ரம்பச் சத்தம் சுவர் வழியாக வந்தது. ஒற்றை அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு, மூலையில் குழாய். ஜன்னல் விளிம்பில் மரத்தூள் படிந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இளையவன் வந்திருந்தான். புருவத்தில்கூடத் தூள். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"வாங்க அண்ணி. அண்ணே வரலையா?"

"அவருக்கு முட்டி வலி."

சின்னவள் பையை வாங்கி உள்ளே பார்த்தாள். "நம்ம வயல் காயா?"

"வாங்கினது."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள், பையை ஓரமாக வைத்தாள். ஒரு சொம்பும் டம்ளரும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பெரியவளுக்குத் தொண்டை வறண்டு கிடந்தது, படி ஏறும்போதிலிருந்தே தண்ணீர் நினைப்புதான். ஆனாலும் கை போகவில்லை. அப்புறம் எடுத்துக் குடித்தாள். தண்ணீருக்கு ருசியே இல்லை. அதுதான் தண்ணீரின் ருசி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள்.

"ஊர்ல தண்ணி உப்பாயிருச்சாமே?" என்றான் இளையவன்.

"எல்லாமே ஆயிருச்சு தம்பி. வயல் வெளுத்துப் போச்சு. நிலம் செத்துப் போச்சு." எதிரில் இருந்தவர்களைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துச் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கேக்கிறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

"கேளுங்க அண்ணி."

"மேட்டுல மரம் நட விடணும். நாங்களே நடுறோம், நாங்களே தண்ணி சுமந்து ஊத்துறோம். மரம் உங்களுக்குத்தான். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

இளையவன் சின்னவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். பழைய சிரிப்பு, மரத்தடியில் சாய்ந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"நடுறதா? எதுக்கு அண்ணி நடணும்? நீங்க அந்த மேட்டுப் பக்கம் போறதே இல்லையா?"

பெரியவளுக்குப் புரியவில்லை.

"அது வெட்டினா துளிர்க்கிற மரம் அண்ணி. அப்பா சொல்லுவாரு, ஒட்ட வெட்டினாத்தான் சாகும், முழங்கால் உயரம் விட்டுட்டா வேரு அப்படியே உசுரோட இருக்கும்னு. கீழ பழைய வேரு இருக்கிறதால, துளிர் விட்டுச்சுன்னா மூணே வருஷத்துல ஆள் உயரத்துக்கு மேல போயிரும். அதான் கோடு போட்டு வெட்டச் சொன்னேன். அந்த ரம்பக்காரன் ஒரு பாடு திட்டினான்." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "இவ அன்னைக்கு அழுதுக்கிட்டு வந்தா, வெறுங்குடத்தோட. எனக்கும் கோபம்தான். ஆனா அண்ணிக்குக் கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? ரெண்டு மழைக்குள்ள தீர்ந்துரும். மரம் அது பாட்டுக்கு வந்துரும். நாமளும் திரும்பிப் போயிரலாம்னு இவகிட்ட சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். இந்நேரம் நெழல் விழுந்திருக்கணுமே அண்ணி. துளிர் நல்லா வந்திருக்குல்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஒரு மரத்தை அறுத்து முடித்து நின்றது. அடுத்த மரம் வைக்கிற வரைக்கும் அறை அமைதியாக இருந்தது. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆடு மேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். கறையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது.

"உப்பு வச்சேன் தம்பி," என்றாள்.

"எதுக்கு?"

"கட்டைங்களுக்கு. குழி வெட்டி வச்சேன். ஒண்ணு விடாம வச்சேன்."

இளையவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை, போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு எழுந்தான். குழாயடியில் கையைக் கழுவினான். துடைக்காமலேயே படியிறங்கி மில்லுக்குப் போய்விட்டான். சாப்பாடு தட்டில் பாதி இருந்தது. ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பெரியவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சின்னவள் அவள் எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துச் சொம்பை எடுத்தாள், குழாயில் பிடித்தாள், டம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

"குடிங்கக்கா," என்றாள். "பஸ்சுக்கு நேரம் இருக்கு. அங்க போனா இது கிடைக்காது."